பனியனுக்குள் விபூதிப் பொட்டலம்

புவனேஸ்வரிக்கு யாரையெல்லாம் பிடிக்காது என்று கேட்டால் பதில் சொல்லி முடிக்கப் பொழுது போதாது. யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் ஒரே ஒரு பெயர்தான் வரும். தம்பி கதிர்வேல்.

மற்றவர்களை அவள் கடையில் சேலை பார்ப்பதுபோல ஒரே பார்வையில் விரித்து, குறை கண்டு, மடித்து ஓரமாகப் போட்டுவிடுவாள். எதிர்வீட்டுக்காரர்கள் சோம்பேறிகள். சித்தப்பா கலியாணசுந்தரம் வாயாலேயே தறி ஓட்டுகிறவர். தம்பி பெண்டாட்டி சந்தியாவுக்கு இந்த அளவுக்குக்கூட மரியாதை கிடையாது.

"அவளா? பாவு எது, ஊடை எதுன்னு தெரியாது. தாமல் ஏரிக்கரையில தண்ணிய வேடிக்கை பாத்துக்கினு வளந்தது. அதுக்கு என்னா தெரியும்?" என்று தெருக்குழாயடியில் சொல்லுவாள். சந்தியா குடத்தோடு பின்னால் வந்து நின்றாலும் குரலைத் தாழ்த்த மாட்டாள்.

கதிர்வேலுக்குப் பதினான்கு வயதில் முதல் வலிப்பு வந்தது. அடுத்த வருடமே அம்மா போய்ச் சேர்ந்தாள். புவனேஸ்வரிக்கு அப்போது இருபத்தைந்து. வந்த இரண்டு வரன்களையும் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று விரட்டிவிட்டாள். உண்மையில் அவர்களுடைய மூக்கும் முழியும் நன்றாகத்தான் இருந்தன. தம்பியை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை, அவ்வளவுதான். அவனுக்குத் தறி பழக்கி, கோர்வைக்குத் துணையாகத் தானே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் இருப்பவன் உடலுக்கான நூலைச் சுமந்து ஓடும் நாடாவை எறிந்தால், பக்கத்தில் இருப்பவர் கரைக்கான நாடாவை எறிய வேண்டும். இரண்டு பேர் கையும் ஒரே மூச்சில் போனால்தான் கரையும் உடலும் பிரியாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அக்காளும் தம்பியும் இருபது வருடமாக அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதிலும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. அதில் ஒரு விரல் நீளத்துக்குப் பழைய இரும்புச் சாவி. தம்பி கண் செருகி விறைத்தால் அந்தச் சாவியை அவன் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மேலே மடக்கிப் பிடிப்பாள். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். சாவி இல்லாவிட்டாலும் இரண்டு நிமிடத்தில் அடங்கும் என்று டாக்டர்கள் சொன்னதை அவள் காதில் வாங்கியதில்லை. டாக்டர்கள் வேறு என்ன சொல்லுவார்கள்?

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் சந்தியா வந்தாள். அவள் வந்த கதையை நினைத்தால் புவனேஸ்வரிக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும்.

சந்தியாவுக்கு இ-சேவை மையத்தில் வேலை. காப்பீட்டு அட்டைக்காக வரிசையில் நின்ற கதிர்வேல் அங்கேயே விழுந்துவிட்டான். கூட்டம் முழுக்க "சாவி குடு, இரும்பு குடு" என்று கத்தியது. கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்த பெண் ஒருத்தி எல்லாரையும் விலக்கினாள். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துப்பட்டாவைத் தலைக்கு வைத்து, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கண் விழித்ததும், "ஒண்ணுமில்ல. ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். உங்க டோக்கன் நம்பர் இன்னும் வரல" என்றாளாம். அந்த வார்த்தையில்தான் இவன் மனம் சாய்ந்தது. எட்டு மாதத்தில் கல்யாணம்.

"வலிப்பு வந்த எடத்துல ஜோடி சேந்தது இந்த ஊர்லயே இதுங்க ரெண்டுந்தான்" என்று புவனேஸ்வரி முந்தானையை உதறினாள்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம், மாத்திரைகள் எதுவும் கேட்காமல் போன பிறகு, சந்தியா அவனைச் சென்னைக்கு அழைத்துப்போய் ஒரு கருவி வைத்துக்கொண்டு வந்தாள். இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு மேடு. அதிலிருந்து ஒரு கம்பி கழுத்து நரம்புக்குப் போகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் அது நரம்பைத் தூண்டும். அதுபோக இதயத் துடிப்பையும் கேட்டுக்கொண்டே இருக்கும். வலிப்புக்கு முன்னோட்டமாகத் துடிப்பு எகிறினால் தானாகவே வேலையைத் தொடங்கும்.

"வலிப்பு மட்டும் இல்ல அண்ணி. அது வர்றப்ப இதயம் தாறுமாறா ஓடுதாம். அப்படியே நின்னு போனவங்களும் இருக்குறாங்களாம். வலிப்பு குறைஞ்சா அந்த ஆபத்தும் குறையும்னு சொல்றாங்க" என்றாள் சந்தியா.

"இருபது வருசமா நின்னு போவாத நெஞ்சு, நீ வந்தப்பறம் நின்னுடப் போவுதா?"

சந்தியா பையைத் திறந்தாள். கறுப்பாகக் கனமாக இருந்த இரண்டு காந்தங்களை எடுத்து வைத்தாள். ஒன்றை வாட்ச் மாதிரி தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். மற்றதைத் தறிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள்.

"இது உங்களுக்கு அண்ணி. பகல் பூரா நீங்கதானே அவர் பக்கத்துல இருக்கீங்க. வலிப்பு வர்ற மாதிரி தெரிஞ்சா இத அந்த மேட்டு மேல ஒரு தடவை இப்படி இழுக்கணும். உடனே மிஷின் கூடுதலா வேலை செய்யும். ஒரு செகண்ட் போதும்..."

அதற்குமேல் அவள் சொன்னதைப் புவனேஸ்வரி கேட்கவில்லை. தன் வீட்டுத் தறிக்கூடத்தில் நின்றுகொண்டு தனக்கே பாடம் எடுக்கிறாளே என்ற எரிச்சலில், தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து உள்ளே போய்விட்டாள். சந்தியா கதவைப் பார்த்துச் சொல்லி முடித்தாள்.

வலிப்பு குறைந்தது. வாரத்துக்கு இரண்டு வந்தது மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு இரண்டு மாதம் வரவே இல்லை. தெருவே சந்தியாவைக் கொண்டாடியது. சித்தப்பா கலியாணசுந்தரம் வீடு தேடி வந்து, "மருமவ வந்த ராசிமா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவருக்குக் காபியில் சர்க்கரை விழவில்லை.

ஆனால் கருவி ஒரு கப்பம் வாங்கியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அந்த அரை நிமிடம் கதிர்வேலின் குரல் கரகரத்துக் கம்மிவிடும். ஆனி மாதக் கிருத்திகையன்று குமரகோட்டம் முருகன் கோயிலில் அவன் வழக்கம்போல் பாட ஆரம்பித்தான். இரண்டாவது அடியில் குரல் உடைந்து, காய்ந்த ஓலையை இழுப்பதுபோல் ஆகிவிட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கதிர்வேலும் சிரித்துவிட்டு, "ஒரு நிமிசம் இருங்க, வண்டி ஸ்டார்ட் ஆவுது" என்று சொல்லித் தொடர்ந்தான். சந்தியா அதற்கும் சிரித்தாள். புவனேஸ்வரியால் முடியவில்லை. தன் தம்பி குரலை ஒரு தகரடப்பா திருடுகிறது, கட்டினவள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்!

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, நூல் வெட்டும் கத்தரி கைதவறி, காந்தம் தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில் போனது. டக்கென்று தாவிக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. புவனேஸ்வரி அதைப் பிடுங்கினாள், விட்டாள், மறுபடி ஒட்டியது. சாவிக்கொத்தைக் காட்டினாள். அதுவும் போய் ஒட்டியது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரும்பையே இழுக்கிற இரும்பு! வலிப்பை அடக்கினது இதுதான். தோலுக்கடியில் இருக்கிற டப்பா சும்மா ஒப்புக்கு. இதை ஒரு செகண்ட் இழுத்தாலே நல்லது என்றால், நாள் முழுக்க அங்கேயே இருந்தால்? இந்தச் சின்னக் கணக்குக்கூடப் போடத் தெரியவில்லை தாமல்காரிக்கு. படித்தவளாம்.

சிவப்புப் பட்டுத் துண்டில் காந்தத்தை வைத்து, குமரகோட்டத்து விபூதியை மேலே கொட்டிப் பொட்டலமாகத் தைத்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு, தறியில் இறங்குமுன், தம்பியின் பனியனுக்குள் சரியாக அந்த மேட்டின்மேல் படும்படி ஊக்கால் குத்திவிட்டாள். மாலை ஆறு மணிக்கு அவன் எழுந்ததும் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, இவ்ளோ கனமா இருக்குது?"

"தகடு வெச்ச விபூதி. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா பலிக்காது."

"சந்தியாகிட்ட கூடவா?"

"யார்கிட்டயும்னா அதுல அவ வர மாட்டாளா?"

அக்கா சொல்லைக் கதிர்வேல் தட்டியதில்லை. அன்றே ஓர் அதிசயம் நடந்தது. பகல் முழுக்க அவன் குரல் ஒருமுறைகூடக் கம்மவில்லை. தறியில் உட்கார்ந்தபடி பழையபடி கணீரென்று பாடினான். உடம்பு பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தான் அவன். தன் பொட்டலம் மிஷினை அடக்கிவிட்டது என்று நினைத்தாள் அவள். இருவரில் அவள்தான் உண்மைக்கு அருகில் இருந்தாள். ஆனால் அது அவளுக்குத் தெரியாது.

ஆடி முடிவதற்குள் வலிப்பு திரும்ப வந்தது. ஒன்று, இரண்டு, வாரத்துக்கு ஒன்று. எல்லாமே பகலில், தறியில். புவனேஸ்வரிக்கு வருத்தம்தான். ஆனால் வருத்தத்துக்கு நடுவே ஓர் இனிப்பும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

"என்னாச்சு உன் மிஷின்? பேட்டரி தீந்துடுச்சா?" என்று சந்தியாவைப் பார்த்துக் கேட்பாள். "இந்த ஆணியில மாட்டினது எங்க அண்ணி?" என்று அவள் திருப்பிக் கேட்டால், "எங்கியோ பத்திரமா இருக்குது. அத வெச்சிக்கினு நீ என்னா சாதிச்ச?" என்பாள்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. சர்வர் வேலை செய்யவில்லை என்று சந்தியா மதியமே வீடு திரும்பியிருந்தாள். தறியில் அரக்கு உடல், பச்சைக் கரை. கரை நாடாவை எறிந்துவிட்டுப் புவனேஸ்வரி காத்திருந்தாள். எதிர்நாடா வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது தம்பி பாவு நூல்களின்மேல் சரிந்துகொண்டிருந்தான்.

அவள் போட்ட சத்தத்தில் சந்தியா ஓடிவந்தாள். இரண்டு பேரும் அவனைத் தூக்கித் தரையில் ஒருக்களித்துப் போட்டார்கள். சந்தியா மணிக்கட்டுக் காந்தத்தைச் சட்டைக்கு மேலாக அவன் நெஞ்சில் ஒருமுறை இழுத்தாள். இன்னொருமுறை. எதுவும் நடக்கவில்லை. மூன்றாவது முறை அவள் கை அங்கேயே வெட்டி நின்றது. "என்னது, என் கைய இழுக்குது..." என்று சட்டைப் பொத்தானில் கை வைத்தாள்.

"போதும் வுடு, உன் வித்தையெல்லாம்!" புவனேஸ்வரி அவள் கையைத் தட்டிவிட்டு, சாவியை எடுத்துத் தம்பி கையில் திணித்தாள்.

இரண்டு நிமிடத்தில் அடங்கவில்லை. மூன்றிலும் அடங்கவில்லை. உதடு கருநீலமாகியது. கழுத்தில் விரல் வைத்திருந்த சந்தியாவின் முகம் வெளிறியது. "அண்ணி, துடிப்பு எகிறிக்கினு போவுது... இப்ப விட்டு விட்டு வருது..." நான்கு நிமிடம் நாற்பது செகண்டில் அவன் பெரிதாக ஒரு மூச்சை இழுத்துத் தளர்ந்தான்.

"பாத்தியா, யாரு அடக்கினதுன்னு?" என்றாள் புவனேஸ்வரி. ஆனால் சாவியை எடுக்காமல், மடக்கிய அவன் விரல்களை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ வருவதற்குள், வேர்வையில் நனைந்த பனியனைக் கழற்றி வேறு போட்டுவிட்டாள். ஈரப் பனியனைப் பொட்டலத்தோடு சுருட்டிப் பைக்குள் திணித்து, சாவிக்கொத்தையும் அதற்குமேல் போட்டுக்கொண்டாள்.

கிளினிக்கில் கதிர்வேலை உள்ளறையில் படுக்க வைத்தார்கள். அயர்ந்து தூங்கினான். நரம்பு டாக்டரின் பெயர் ஜோதிகா. முப்பது வயதுகூட இருக்காது. சினிமாப் பைத்தியத்தில் அப்பன் வைத்த பெயர், இதெல்லாம் என்ன வைத்தியம் பார்க்கும் என்று முதல் நாளே புவனேஸ்வரி மடித்து வைத்துவிட்ட ஆள்.

"டாக்டரம்மா, மொதல்ல அந்த டப்பாவப் புடுங்கி எறிங்க. அது வந்த நேரமே சரியில்ல" என்றாள் உட்காருவதற்கு முன்பே.

"உக்காருங்கம்மா. கருவி என்ன சொல்லுதுன்னு பாத்துட்டேன்." டாக்டர் கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பினாள். "பேட்டரி நல்லா இருக்கு. கம்பி நல்லா இருக்கு. ஆனா மூணு மாசமா இது பாதி நேரம் வேலையே செய்யல. காந்தத்த ஒரு செகண்ட் இழுத்தா கூடுதலா தூண்டும். அத மேலயே வெச்சிருந்தா, எடுக்கற வரைக்கும் மொத்தமா நின்னுடும். யாரோ தினமும் மணிக்கணக்கா மேலயே வெச்சிருக்காங்க."

புவனேஸ்வரி மடியிலிருந்த பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரின் பார்வை சந்தியாவின் மணிக்கட்டுக்குப் போனது. சந்தியா தன் கையைத் தானே பார்த்தாள். முகம் கோணியது. "நான்தான் டாக்டர். கழட்டாமயே படுத்துக்கறேன். தூக்கத்துல என் கை அவர் மேல..." என்றவள் அதற்குமேல் பேச முடியாமல் அழ ஆரம்பித்தாள்.

அப்போது புவனேஸ்வரிக்குள் எழுந்தது என்ன? பாம்பு படமெடுப்பதுபோல ஒரு குஷி. சொல்லட்டும். அவளே சொல்லட்டும். பொட்டலத்தை யாருக்கும் தெரியாமல் வீசிவிட்டால் தீர்ந்தது. இருபது வருடம் சும்மாவா பக்கத்தில் உட்கார்ந்தாள்?

"ராத்திரி இல்லம்மா, அழாதீங்க" என்றாள் டாக்டர். "காலையில ஏழுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். தினமும். ஞாயித்துக்கிழமை கூட. நடுவுல மூணே நாள்தான் காந்தம் படாம இருந்திருக்கு. ஜூலை இருபத்திநாலு, ஆகஸ்ட் இருபத்திரெண்டு, செப்டம்பர் இருபத்தொண்ணு. அந்த நாள்ல என்ன விசேஷம்?"

சந்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "ஒண்ணுமே இல்லையே டாக்டர்..."

அவளுக்கு எப்படித் தெரியும்? பாவு எது, ஊடை எது என்று தெரியாதவள். ஞாயிற்றுக்கிழமையும் தறி உண்டு, பண்டிகை நாளிலும் உண்டு. ஆனால் அமாவாசையன்று நெசவாளி தறி தொடமாட்டான். அந்த மூன்று நாளும் அமாவாசை. தம்பி தறியில் இறங்காத நாள், பொட்டலம் குத்தாத நாள். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு வந்து, கரகரத்த குரலில் சந்தியாவைக் கேலி செய்துகொண்டே சாப்பிட்டானே. அந்த மூன்று நாளிலும் ஒரு வலிப்பு வந்ததுண்டா?

அந்த அறையில் அது புவனேஸ்வரி ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"காரணம் தெரியலைன்னா, கருவியிலயே கோளாறுன்னு எடுத்துட்டு வேறதான் யோசிக்கணும்" என்றாள் டாக்டர். "நீங்க கேட்ட மாதிரியேதான்மா. ஆனா ஒண்ணு. இன்னிக்கு அவருக்கு இதயத் துடிப்பு தடுமாறியிருக்கு. மறுபடி இப்படி ஒண்ணு வந்து, தடுக்க இதுவும் இல்லைன்னா, என்ன ஆகும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

கேட்டது கிடைக்கிறது. டப்பாவும் போகும், பழியும் தன்மேல் விழாது. புவனேஸ்வரி கதவு வழியாக உள்ளறையைப் பார்த்தாள். தம்பியின் கால்கள் மட்டும் தெரிந்தன. தறிக்குழியில் இருபது வருடம் மிதித்த கால்கள், போர்வைக்கு வெளியே அசையாமல் கிடந்தன.

அவள் பைக்குள் கைவிட்டுச் சாவிக்கொத்தை வெளியே இழுத்தாள். சாவியோடு ஈரப் பனியனும் தொங்கிக்கொண்டு வந்தது. பிரிக்கப் பார்த்தாள். சிவப்புப் பொட்டலத்தை விட்டுச் சாவி வர மறுத்தது. அப்படியே டாக்டரின் மேஜைமேல் போட்டாள்.

"அந்த மூணு நாளும் அமாவாசை. தறி கெடயாது" என்றாள். "மத்த நாள் பூரா இது அவன் நெஞ்சு மேலதான் இருந்துது. நான்தான் குத்திவுட்டேன்."

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்தாள். விபூதி கொட்டி, கறுப்புக் காந்தம் வெளியே வந்தது.

சந்தியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு செகண்டுன்னு சொன்னேனே அண்ணி. மேலயே வெச்சிராதீங்க, நின்னுடும்னு சொன்னேனே" என்றாள்.

"நீ சொன்னப்ப நான் தண்ணி குடிக்கப் போயிட்டேன்."

"தாகமா இருந்துதா?"

சந்தியா திட்டவில்லை, கத்தவில்லை. தலையிலிருந்து கால்வரை அவளை ஒரு பார்வை பார்த்தாள். விரித்து, குறை கண்டு, மடித்து ஓரமாகப் போடுகிற பார்வை. அந்தப் பார்வை புவனேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். அதைப் பெற்றுக்கொள்கிற இடத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு சந்தியா எழுந்து கணவனிடம் போய்விட்டாள். காந்தத்தையும் கையோடு எடுத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் வீட்டில் இருவருக்குள்ளும் பேச்சு இல்லை. கதிர்வேல் விஷயத்தைக் கேட்டு அக்காவிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏன்க்கா, விபூதிய மட்டும் குடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டான். அதுவே அவளுக்குப் போதுமான அடியாக இருந்தது.

எட்டாம் நாள் அவன் தறியில் இறங்கினான். புவனேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆணி வெறுமையாக இருந்தது. வேலைக்குக் கிளம்பிய சந்தியா வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். பையிலிருந்து காந்தத்தை எடுத்து அந்த ஆணியில் மாட்டினாள்.

"சொல்லுங்க அண்ணி. எவ்ளோ நேரம்?"

புவனேஸ்வரி பல்லைக் கடித்தாள். தன் வீட்டுத் தறிக்கூடத்தில், தம்பி எதிரில், பாடம் ஒப்பிக்கச் சொல்கிறாள்.

"ஒரு செகண்ட்."

"அப்பறம்?"

"எடுத்துடணும்."

சந்தியா போய்விட்டாள். கதிர்வேல் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாடாவை எறிந்தான். அரக்கும் பச்சையும் மறுபடி கோத்துக்கொள்ள ஆரம்பித்தன. தம்பி பாடவில்லை, நாடா மட்டும் ஓடியது. புவனேஸ்வரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கதிரு."

"ம்?"

"ம் இன்னா ம்? வாயத் தொறந்து பேசு."

"இன்னா பேசச் சொல்ற?"

குரல் கணீரென்றிருந்தது. மிஷின் இன்னும் தொடங்கவில்லை. அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். "எதையாச்சும் பேசிக்கினே இரு. நிறுத்தாத."

"சரி. சாயங்காலம் சந்தியா வந்ததும் மூணு பேரும் கோயிலுக்குப் போயி..." என்று அவன் சொல்லிக்கொண்டே வரும்போது குரல் கம்மியது. காய்ந்த ஓலையை இழுத்ததுபோல் கரகரத்தது. "...அப்பிடியே இட்லி சாப்புட்டு வரலாமா?"

புவனேஸ்வரி விட்ட மூச்சில் பச்சைக் கரை நூல் ஆடியது.

"கேக்கச் சகிக்கல இந்தத் தகரடப்பா சத்தம்" என்றாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு. கரை நாடாவை எறிந்துவிட்டு, அடுத்த ஐந்து நிமிடத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.